முகமாலையிலிருந்து ஒரு திறந்த மடல்: மிதிவெடிக்கு எதிராக உங்கள் குரல் வேண்டும்

யாழ்ப்பாணம், மன்னார் மறைமாவட்டங்களின் ஆயர்களுக்கும், தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனப் பேராயர் அவர்களுக்கும், நல்லை திருஞானசம்பந்தர் ஆதீனத்துக்கும், வடக்கின் உலமாக்களுக்கும், எங்கள் ஊர்க்கோயில்களின் குருமாருக்கும்.

மதிப்புக்குரிய பெரியோர்களே,

வணக்கம். நான் பளையில் பிறந்து வளர்ந்தவள். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, வீட்டில் உழைப்பதற்கு வேறு ஆள் இல்லாத நிலையில், போரில் இரு தரப்பும் எதிரெதிரே நின்ற முகமாலையில் மிதிவெடி அகற்றும் பணியில் சேர்ந்தேன். ஒன்பது ஆண்டுகள் அந்த மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்தேன். அங்கே கற்றதை வைத்து ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்து தனித்தனியே கேட்டிருக்கலாம். ஆனால் ஊரறியக் கேட்டால்தான் ஊரும் சேர்ந்து கேட்டதாக இருக்கும் என்று நினைத்து இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2025 மார்ச் 18ஆம் திகதி எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகிய நான்கு நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள், மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து தங்கள் நாடுகள் விலக வேண்டும் என்று கூட்டாகப் பரிந்துரைத்தார்கள். சில நாள்களில் பின்லாந்தும் அதே வழியில் போவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஐந்து பாராளுமன்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு ஆதரவாக வாக்களித்தன. டிசம்பர் 27ஆம் திகதியோடு பால்டிக் நாடுகள் மூன்றும் சட்டப்படி வெளியே போய்விட்டன. பின்லாந்தும் போலந்தும் அவற்றைப் பின்தொடர்ந்தன. உக்ரேனும் ஜூன் மாதத்தில் விலகும் முடிவை எடுத்தது. ஆனால் போரில் ஈடுபட்டிருக்கும் நாடு அந்தப் போர் முடியும்வரை விலக முடியாது என்று உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை எழுதியவர்கள் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சமாதான காலத்தில் கொடுத்த வாக்கு போர்க்காலத்துக்காகத்தானே கொடுக்கப்பட்டது.

இந்தச் செய்தியை நான் முதலில் கேள்விப்பட்டபோது, அது எங்கோ பனி பெய்யும் நாடுகளின் காரியம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. போலந்தும் லித்துவேனியாவும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா ஆகியவற்றில் லூதரன் திருச்சபைக்கு நீண்ட வேர் உண்டு. அங்குள்ள கத்தோலிக்க ஆயர்களோடு ஒரே நற்கருணையில் பங்குகொள்ளும் ஆயர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கிறார்கள். அங்குள்ள லூதரன் திருச்சபைகளோடு லூதரன் உலகக் கூட்டமைப்பில் ஒரே மேசையில் அமர்கிறது தமிழ்நாட்டின் தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் வழிவந்த திருச்சபை அது. ஆகவே அந்த நாடுகளின் மனச்சாட்சியோடு பேசுவதற்கு எங்கள் மொழி பேசும் மக்களுக்கு ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரசாங்கங்களுக்கு இல்லாத வாசல் அது.

நான் சொல்ல வந்ததை விளங்கிக்கொள்ள, மிதிவெடி என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கண்ணிவெடி என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் வழங்குகிறது. வன்னியில் நாங்கள் இரண்டையும் பிரித்துச் சொல்வோம். வாகனத்தைக் குறிவைத்துப் புதைப்பதும், மறைந்திருந்து ஒருவர் இயக்கி வெடிக்க வைப்பதும் கண்ணிவெடி. மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. இந்தச் சொல்லுக்குள்ளேயே அந்த ஆயுதத்தின் முழுக் குற்றமும் இருக்கிறது. மற்ற ஆயுதங்களைப் பெரும்பாலும் ஒரு மனிதர் குறிபார்த்து இயக்க வேண்டும். இதை இயக்குபவர் அதனால் பாதிக்கப்படுபவரே. புதைத்தவர் செத்துப் போயிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், மனம் மாறித் துறவியாகக்கூட ஆகியிருக்கலாம். அது காத்துக்கொண்டே இருக்கும். படைவீரரின் சப்பாத்துக்கும் பனங்காய் பொறுக்கப் போகும் பிள்ளையின் வெறுங்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

முகமாலையில் நாங்கள் எடுத்தவற்றில் மிகுதியானவை பாகிஸ்தானில் செய்யப்பட்ட பீ-4 மிதிவெடிகளும், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த எங்கள் பிள்ளைகளே வன்னியில் செய்த ஜொனி மிதிவெடிகளும். பீ-4 உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வெடிக்க வைக்க ஒரு சிறு பிள்ளையின் பாரம் போதும். காலையில் முகக்கவசத்தைப் போட்டு, மார்புக் கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்கென்று ஒதுக்கிய ஒழுங்கையின், அதாவது ஒடுங்கிய வேலைப் பாதையின், முனையில் முழந்தாளிடுவேன். முன்னால் சிவப்புத் தலைத் தடிகள். அவற்றுக்கு அப்பால் இன்னும் தொடாத மண். மேலிருந்து குத்தக் கூடாது, பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். பனை வேர் தட்டுப்பட்டாலும் கை நிற்கும், துருப்பிடித்த ரவைக் கோது தட்டுப்பட்டாலும் கை நிற்கும். வைகாசி வெயிலில் முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்க வேண்டுமானால் ஒழுங்கையிலிருந்து பின்னால் எழுந்து வந்தே கவசத்தைக் கழற்றலாம். ஒரு நாள் முழுவதும் இப்படி உழைத்தால் சில சதுர மீற்றர் நிலம் மனிதருக்குத் திரும்பக் கிடைக்கும். அங்கே ஒரு மிதிவெடியைப் புதைத்து மறைத்தவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஒருநாள் மண்ணை விலக்கியபோது ஒரு மிதிவெடியின் மேல்மூடி தெரிந்தது. அதைச் சுற்றிப் புல்லின் சல்லி வேர் மெல்லிய வலைபோலப் பின்னியிருந்தது. அத்தனை ஆண்டுகள் மழையும் வெயிலும் அதன்மேல் போயிருந்தன, மண் அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த வெடி மட்டும் பழுதாகவில்லை. மேற்பார்வையாளரை அழைக்க விசில் ஊத வேண்டும் என்பது தெரிந்தும் சிறிது நேரம் எனக்கு மூச்சு வரவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் அத்திவாரமும் உடைந்த ஆட்டுக்கல்லும் கிடந்தன. யாரோ ஒரு குடும்பத்தின் அடுக்களை வாசல் அது.

எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தம் வந்து, சனங்கள் தங்கள் காணிகளைப் பார்க்க ஆவலோடு திரும்பிய அந்த நாள்களில், விறகு எடுக்கப் போய் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். யுத்தநிறுத்தம் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டது. அந்த மிதிவெடி கையெழுத்திடவில்லை. அதற்கு முன் ஆண்டுதோறும் அம்மன் கோயில் திருவிழாவில் அடி அழித்தல் நேர்த்தி செய்து வந்தவர் அவர். அந்த நேர்த்தி என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: சுவாமி வீதிவலம் வரும்போது பின்னால் ஒவ்வோர் அடிக்கும் விழுந்து வணங்கி எழும்ப வேண்டும். செயற்கைக் கால் பொருத்திய அடுத்த ஆண்டு, வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் கேளாமல் அவர் மறுபடியும் அதைச் செய்தார். மேற்கு வீதியில் எழும்ப முடியாமல் மணலில் சிறிது நேரம் கிடந்ததையும், யாரையும் தூக்கவிடாமல் தானே கையூன்றி எழுந்ததையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு இப்போது அது ஆறாவதோ ஏழாவதோ செயற்கைக் கால். தேய்ந்தால் மாற்ற வேண்டும், உடம்பு மெலிந்தால் மாற்ற வேண்டும். ஒரு மிதிவெடி ஒருமுறைதான் வெடிக்கிறது என்று சொல்பவர்கள் அந்த அக்காவோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

இனி அந்த ஐந்து நாடுகளும் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். அவர்கள் பக்கத்தில் இருப்பது உக்ரேனுக்குள் படையெடுத்த நாடு; மிதிவெடித் தடையை ஒருபோதும் ஏற்காத நாடு. பின்லாந்துக்கு மட்டும் அந்நாட்டோடு 1,300 கிலோமீற்றருக்கும் அதிக நீள எல்லை உண்டு. அந்த அச்சம் உண்மையானது. அச்சத்தில் வாழ்வது எப்படி என்று வன்னிச் சனங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதே காரணத்தை, அதே சொற்களில் நாங்களும் கேட்டிருக்கிறோம். எதிரி வராமல் தடுக்க வேறு வழியில்லை என்று இராணுவமும் சொன்னது, இயக்கமும் சொன்னது. இரண்டு தரப்பும் புதைத்தன. எங்கள் பக்கம் புதைத்ததை எங்களைக் காக்கும் வேலி என்று நாங்களும் நம்பினோம் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த வேலி என்ன செய்தது? 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் விழுந்த பின் முகமாலை முன்னரங்கானது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2006 ஒக்டோபர் 11ஆம் திகதிச் சமர் போன்ற நாள்களில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் அந்த மண்ணில் சாய்ந்தார்கள். கடைசியில் 2009 சனவரித் தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் விழுந்தபோது, பின்னால் நிலம் இல்லாமல் போனதால் அந்த முன்னரங்கில் எஞ்சியிருந்ததும் கைவிடப்பட்டது. போரின் முடிவை அந்த மிதிவெடிகள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் சனங்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்புவதை அவை பல ஆண்டுகள் தள்ளிப்போட்டன. காணி உறுதி கையில் இருந்தும் கிணற்றடிக்குப் போக முடியாமல், வீதியோரத்தில் நின்று தலையிழந்த தங்கள் பனைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போன முதியவர்களை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் அந்தக் கிணற்றடியை மறுபடி மிதிக்காமலே இறந்துபோனார்கள்.

இது எங்கள் அனுபவம் மட்டுமல்ல. சர்வதேச செஞ்சிலுவைக் குழு பழைய போர்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, மிதிவெடியால் கிடைக்கும் இராணுவப் பயன் மிகக் குறைவு என்றும், அது விளைவிக்கும் மனிதத் துயரம் அந்தப் பயனை மிகவும் விஞ்சுகிறது என்றும் கண்டது. மேலும், ஒட்டாவா உடன்படிக்கை ஒரு நாட்டின் கையைக் கட்டிப்போடுவதும் இல்லை. தாங்கியைத் தடுக்கும் கண்ணிவெடியை அது தடுக்கவில்லை. ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, தானே முடிவெடுத்து இயக்கும் வெடியையும் தடுக்கவில்லை. மிதிப்பவர் யாரென்று தெரியாமல் வெடிப்பதை மட்டுமே அது தடுக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் மிதிவெடிகளாலும் வெடிக்காமல் எஞ்சிய வெடிபொருள்களாலும் உலகில் 5,757 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ இருக்கிறார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள்.

பெரியோர்களே, இதில் சமயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். என்னோடு வேலை செய்த ஒரு கத்தோலிக்கத் தங்கச்சி ஓய்வு நேரத்தில் மர நிழலில் அமர்ந்து வேதாகமம் வாசிப்பாள். குருடருக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்ற லேவியராகமக் கட்டளையை அவள்தான் எனக்குக் காட்டினாள். அந்தச் சொல் என்னை விட்டுப் போகவே இல்லை. மிதிவெடிக்கு முன்னால் கண்ணுள்ள எல்லோரும் குருடர்தான். யாத்திராகமத்தில் இன்னொரு சட்டமும் இருக்கிறது: குழி வெட்டியவன் அதை மூடாமல் விட்டு, அதில் ஒரு மாடு விழுந்தாலும் அந்தக் குழிக்குரியவன் நட்டம் கொடுக்க வேண்டும். மூடாமல் விட்ட குழிக்கே அப்படியென்றால், விழ வேண்டும் என்பதற்காகவே மூடிவைத்த குழிக்குக் கணக்குக் கேட்க மாட்டார்களா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் சொன்னதை எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் நன்கு அறிவார்கள்.

நான் சைவப் பிள்ளை. எனக்கு அந்த வேலையில் ஆறுதலாக இருந்தவர் அப்பர் சுவாமிகள். தேவாரம் பாடிய நாயன்மார் மூவருள் கையில் மண்ணைச் செதுக்கும் கருவியோடு நிற்பவர் அவர் ஒருவரே. உழவாரப்படை என்று பெயரிலே படை இருந்தாலும் அது யாரையும் காயப்படுத்துவதற்கு அல்ல. கோயில் வீதியில் புல்லையும் முள்ளையும் செதுக்கி, அடியார் கால் வைக்கும் இடத்தை நோவில்லாத இடமாக ஆக்குவதற்கு. வெறுங்காலோடு வருபவரின் பாதத்தை நினைத்துச் செய்யப்படும் பணி அது. மண்ணைச் சுரண்டும் அந்தச் சிறு கருவியை ஒவ்வொரு காலையிலும் கையில் எடுக்கும்போது அதை உழவாரமாகவே நினைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அந்தப் பயத்தோடு ஒன்பது ஆண்டுகள் என்னால் இருந்திருக்க முடியாது. பாதம் படும் இடத்தைப் புனிதமாகக் கருதிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஒரு சமயம், பாதத்தைப் பறிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா?

சமயத்தவர்கள் பேசியதால்தான் இந்தத் தடையே வந்தது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். ஆனால் அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் இத்தனை விரைவில் வந்திருக்காது. கம்போடியாவில் மகா கோசானந்த தேரர் 1992 முதல் பிக்குகளையும் பிக்குணிகளையும் பொதுமக்களையும் அழைத்துக்கொண்டு தர்ம யாத்திரை என்ற நடைப்பயணத்தை நடத்தினார். மிதிவெடி நிறைந்த நாட்டில், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடந்தார்கள். 1994ஆம் ஆண்டு யாத்திரை துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அகப்பட்டு யாத்திரிகர் இறந்தார்கள். அடுத்த ஆண்டும் அவர் நடந்தார். அமைதிக்கு வழி வேண்டுமானால் முதலில் மனத்துக்குள் புதைந்திருக்கும் மிதிவெடிகளை அகற்ற வேண்டும் என்று அவர் போதித்தார், அதே மூச்சில் மண்ணில் இருப்பதையும் தடைசெய்யக் கேட்டார். அதே நாட்டில் இயேசு சபையின் அகதிகள் பணியோடு சேர்ந்து உழைத்தவர் துன் சன்னரெத். மிதிவெடியில் இரு கால்களையும் இழந்தவர். 1997ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசை ஒஸ்லோவில் மிதிவெடித் தடை இயக்கத்தின் சார்பில் பெற்றுக்கொள்ளச் சக்கர நாற்காலியில் சென்றார். அதே டிசம்பரில் ஒட்டாவாவில் முதன்முதலாகக் கையொப்பமிட்ட 122 அரசுகளில் வத்திக்கானும் ஒன்று. டென்மார்க் திருச்சபையின் உதவி அமைப்பு பேச்சோடு நிற்காமல் மிதிவெடி அகற்றும் வேலையையே பல நாடுகளில் செய்து வருகிறது.

பின்லாந்து 2012இல் உடன்படிக்கையில் இணைந்து, தன்னிடம் இருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை அழித்தது. அப்போதும் அந்த எல்லை அங்கேதான் இருந்தது. எங்கள் நாடான இலங்கை 2017 டிசம்பர் 13இல் இணைந்தது. 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் தன் மண் முழுவதையும் துப்புரவாக்குவதாக வாக்களித்திருக்கிறது. அந்த வேலைக்குப் பணம் தருபவை பெரும்பாலும் வெளிநாடுகள். மிதிவெடி வைத்திருப்பது தவறல்ல என்று உலகம் மெல்ல மெல்லப் பழகிவிட்டால், அதை அகற்றுவதற்குக் கொடுக்கும் கையும் தளர்ந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. பக்கத்து இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னும் இணையவே இல்லை. ஐரோப்பாவே விலகும்போது எங்களைக் கேட்க என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

எனவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, கத்தோலிக்கரும் சைவரும் சீர்திருத்தச் சபையாரும் முஸ்லிம்களும் ஒரே தாளில் கையொப்பமிட்டு, அந்த ஐந்து நாடுகளின் ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதுங்கள். தென்னிலங்கையின் பிக்குமாரில் மனமுள்ளவர்களையும் கேளுங்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளும் இங்கே கால் இழந்திருக்கிறார்கள். கண்டன அறிக்கையாக அது வேண்டாம். அந்தச் சனங்களின் அச்சத்தை மதித்து, மிதிவெடியோடு வாழ்ந்த சனங்கள் எழுதும் சாட்சியமாக இருக்கட்டும். உடன்படிக்கைக்குத் திரும்பி வரும்படி தங்கள் அரசுகளைக் கேட்க வேண்டும் என்றும், திரும்பும்வரை ஒரு மிதிவெடியையும் மண்ணில் இறக்க விடக்கூடாது என்றும் அந்த ஆயர்களிடம் சொல்லுங்கள். விலகுவதற்குக் கையொப்பம் போதும். புதைப்பதற்கு ஒரு மனிதரின் கை வேண்டும். அந்தக் கையுடையவர் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கோயிலில் வந்து அமர்பவராகவும் இருப்பார்.

மடலோடு ஓர் அழைப்பையும் வையுங்கள். அவர்களில் ஒருவரையாவது, ஒரே ஒரு ஆயரையாவது, இங்கே வரச் சொல்லுங்கள். ஆவணி மாதம் நல்லது. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்து வணங்கிவிட்டு, அப்படியே ஏ-9 வீதியால் வடக்கே வந்தால் முகமாலைக்குச் சில மணித்தியாலம்தான். மாரி தொடங்கிவிட்டால் மண் பிடித்துக்கொள்ளும், வேலை சரியாகத் தெரியாது. வெள்ளைத் தடிகள் நட்ட, துப்புரவான ஒழுங்கையால் அவரை அழைத்துப் போக எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். அனுமதி பெற வேண்டிய முறையும் எனக்குத் தெரியும். நான் சொன்ன அந்த அக்காவையும் கேட்டுவிட்டேன். தான் வீட்டில் இருப்பதாகவும், வருபவருக்குத் தேத்தண்ணி போட்டு வைப்பதாகவும் சொன்னார்.

பணிவுடன்,
மிதிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒருத்தி,
பளை